எட்டாவது கட்டை

அண்ணாச்சியோடு கேரம் ஆடுவது எரிச்சல் பிடித்த வேலை. அவர் அடித்த காய் குழியில் விழும். நாங்கள் வாயைத் திறப்பதற்குள், “சட்டைக் கை ராணியில பட்டுட்டு வே” என்று சொல்லி, விழுந்த காயை எடுத்து மறுபடியும் பலகையில் வைப்பார். பட்டதைப் பார்த்தவர் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். “படல அண்ணாச்சி, நான் பாத்துட்டுதான இருந்தேன்” என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். “உமக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்” என்பார். அதோடு ஆட்டத்தில் உப்பும் இருக்காது, உறைப்பும் இருக்காது.

ரங்கூனில், ஸ்ட்ராண்ட் ரோடு போட்டாதாங் பக்கம் திரும்புகிற முனையில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நாங்கள் இருவரும் அங்கே குமாஸ்தாக்கள். அவர் குடும்பமும் என் குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் குடும்பங்கள். என்னைவிட அவர் நான்கு வயது மூத்தவர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் இன்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆபீசிலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். நானும் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

ஒலிம்பிக் பந்தயத்துக்குப் போய் வந்த மனிதர் அவர். தடை தாண்டி ஓடுகிறவர். அதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள், “மெடல் வாங்கினாரா?” என்று கேட்கிறார்கள். இல்லை. ஆறு பேர் ஓடியதில் ஆறாவதாக வந்தார். அதற்குக் காரணம் நான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதை சுவைப்பதற்காகக் கடைசி வரை ஒளித்து வைக்கிற வயது எனக்கு இல்லை.

ஆபீஸ் கால்பந்தில் அவரை எங்கள் கோல் பக்கமே வரக்கூடாது என்று கேப்டன் கட்டளை போட்டிருந்தார். வந்தால் வினைதான். பந்து விரல் நகத்தில் உரசினாலும் விளையாட்டை நிறுத்திக் கையைத் தூக்கிவிடுவார். எதிராளிக்குப் பெனால்டி. இரண்டு தடவை அப்படியே தோற்றோம். மூன்றாவது தடவை தூத்துக்குடிக்காரன் ஒருத்தன் அவரை அடிக்கவே போய்விட்டான்.

“நடுவர் பாக்கலியே, உமக்கு என்ன வே கேடு?” என்றான்.

“அவரு பாக்கல. ஆனா பட்டுட்டுல்லா?” என்றார் அண்ணாச்சி. அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதால் அடிக்கப் போனவனுக்குக் கை வரவில்லை.

அவர் மனைவி, எங்களுக்கு மதினி, இதில் பட்ட பாடும் கொஞ்சமல்ல. பக்கத்து பர்மாக்காரர் வீட்டு விருந்துக்குப் போன இடத்தில் இவர் கை பட்டு ஒரு பீங்கான் கிண்ணத்தின் விளிம்பு லேசாக உடைந்துவிட்டது. வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. பந்தி நடுவில் எழுந்து, எல்லோர் முன்னாலும் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர்கள் கூச்சப்பட்டுப் போனார்களாம். “போலீஸ்காரனாவது டூட்டி முடிஞ்சா தொப்பியைக் கழட்டி வைப்பான். இவரு தூங்குறப்பவும் போட்டுட்டுதான் தூங்குதாரு” என்று மதினி என்னிடம் சொன்னாள். சொல்லும்போது சிரிக்கத்தான் செய்தாள்.

இன்னொன்றும் உண்டு. அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். “பட்டுதா வே? நீர் பாத்தீரா? அசைஞ்சுதா?” தெரியாமல் கேட்பதில்லை. தனக்குத் தெரிந்தது அடுத்தவன் கண்ணுக்கும் தெரிந்ததா என்று சரிபார்க்கிற கேள்வி அது. இரண்டும் ஒத்துப்போனால் முகத்தில் ஒரு நிம்மதி வரும்.

சாயங்காலங்களில் ஆபீசுக்குப் பின்னால் சரக்கு வைக்கிற கிட்டங்கிகளுக்கு நடுவில் இருந்த காலி இடத்தில் பழகுவார். துறைமுகத்துத் தச்சர் ஒருத்தர் தேக்கில் அடித்துக் கொடுத்த தடைகள். நாங்கள் கட்டை என்றுதான் சொல்வோம். இப்போது இருப்பதுபோல் தொட்டால் சாய்கிற சாமான் இல்லை. இடுப்புக்கு மேல் உயரம், அடியில் கனமான குறுக்குச் சட்டம். நன்றாக இடித்தால்தான் விழும், இடித்தால் கால் வீங்கும்.

ஒவ்வொரு கட்டையின் மேலும் ஒரு நெருப்புப்பெட்டியை வைக்கச் சொல்வார். பெட்டி விழ வேண்டும், கட்டையில் கால் படக் கூடாது. அவ்வளவு ஒட்டிப் போக வேண்டும். காற்றில் உயரமாகப் போனால் அந்த நேரம் வீண், தரையில்தான் ஓட முடியும் என்பார். நான் ஓரமாக நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஓடி முடித்து, திரும்பிப் பார்க்காமலே அவர் முதலில் சொல்வார்.

“மூணாவது பெட்டி விழுந்துட்டு. நாலாவது அசைஞ்சுது, விழல. ஏழுல கட்டையே பட்டுட்டு. சரியா வே?”

சரியாகத்தான் இருக்கும். ஒரு நாளும் தப்பியதில்லை. “என் காலு பொய் சொல்லாது” என்பார். அதைப் பெருமையாகச் சொல்வதில்லை. தராசு சரியாக இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வாரே, அந்த மாதிரி.

அப்போதுதான் கல்கத்தாவிலிருந்து கடிதம் வந்தது. ஒலிம்பிக்குக்குப் போகிற இந்தியக் கூட்டத்தில், அப்போது இந்தியாவோடு சேர்ந்திருந்த பர்மாவிலிருந்து தடை ஓட்டக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்களாம். ரங்கூனில் ஒரு பந்தயம் வைத்து, ஜெயிக்கிறவரை அனுப்ப வேண்டும். எங்கள் கோயிலில் அண்ணாச்சிக்காக ஜெபம் பண்ணினார்கள். மதினி, ஐரோப்பாவில் குளிரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஜெயிப்பதற்கு முன்பே கம்பளித் துணியில் உள்சட்டை தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

பந்தயத்தில் நான்கு பேர். அதில் இரண்டு பேர் சும்மா பெயருக்கு ஓடியவர்கள். அண்ணாச்சிக்குச் சரியான போட்டி கோ சான் ஒருத்தர்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், டாலாவில், கப்பல் பழுது பார்க்கிற பட்டறையில் வேலை செய்த பர்மாக்காரப் பையன். இருபது வயது இருக்கும். வெறுங்காலில் ஓடுவார். பழகுகிற நாட்களில் அண்ணாச்சியை “ஸயா” என்று கூப்பிடுவார். பர்மியில் அது வாத்தியாருக்குச் சொல்கிற மரியாதைச் சொல். அண்ணாச்சி அவருக்கு ஒன்றும் சொல்லிக் கொடுத்ததில்லை. இருவரும் சேர்ந்து தேநீர் குடிப்பார்கள், அவ்வளவுதான்.

அந்தக் காலத்து விதி இது: மொத்தம் பத்துக் கட்டை. ஒன்றோ இரண்டோ விழலாம். மூன்றாவது விழுந்தால் ஓடியவன் ஆட்டத்தில் இல்லை, முதலாவதாக வந்திருந்தாலும். இதைப் பார்ப்பதற்காக ஒவ்வொரு வரிசைக் கட்டைக்கும் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துவார்கள். ஆபீஸ்களிலிருந்து படித்த ஆட்களாகப் பார்த்துப் பிடிப்பார்கள். எனக்கு எட்டாவது வரிசை கிடைத்தது. நண்பன் என்று நானே சொல்லி விலகியிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை. கிட்டே நின்று பார்க்கலாம் என்று சந்தோஷப்பட்டேன்.

அண்ணாச்சி ஓரத்துத் தடத்தில், என் பக்கத்தில். கோ சான் அடுத்த தடம். வெடிச் சத்தம் கேட்டது. இரண்டாவது கட்டையை அண்ணாச்சி சாய்த்தார். ஐந்தாவதையும் சாய்த்தார். அன்று அவருக்குக் கால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது, ஆனால் வேகம் குறையவில்லை. கோ சான் ஓர் அடி பின்னால்தான் வந்தார். எட்டாவதை அண்ணாச்சி தாண்டும்போது, பின்னால் வருகிற வலது காலின் கணு கட்டையில் அடித்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. கட்டை முன்பக்கமாகச் சாய்ந்தது. என் கை போய் அதைப் பிடித்தது.

யோசித்துச் செய்யவில்லை. அலமாரியிலிருந்து தம்ளர் விழுந்தால் கை போகாதா, அப்படித்தான் போனது. ஆனால் பிடித்த பிறகு நிமிர்த்தி நிறுத்தியது யோசித்துத்தான். அதற்கு ஒரு விநாடி ஆனது. அந்த விநாடியில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது: மூன்றாவது, கப்பல், கோயில் ஜெபம், மதினியின் கம்பளித் துணி. ஒலிம்பிக் போனவரின் கூட்டாளி என்று நாளைக்கு என்னையும் நாலு பேர் பார்ப்பார்கள் என்பதும் அதில் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

கூட்டம் முழுக்க முடிவுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கயிற்றை அறுத்தார். எல்லோரும் அவரைத் தூக்கினார்கள். அவர் இறக்கிவிடச் சொல்லி, நொண்டிக்கொண்டே நேராக என்னிடம் வந்தார்.

“எட்டாவது விழுந்துதா வே?”

“நிக்குதுல்லா அண்ணாச்சி, பாருங்க.”

பார்த்தார். கட்டை நின்றது. கையால் தொட்டு அசைத்துப் பார்த்தார். “பட்டுது. நல்லாவே பட்டுது” என்றார்.

“பட்டுது. ஆனா விழல” என்றேன். என்னிடம் கொடுத்திருந்த தாளில் எட்டாவது வரிசைக்கு நேரே ஒன்றும் விழவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோ சான் கொஞ்சம் தள்ளி, முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கணுக்கால் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. மதினி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி காலை நீட்டிக் காட்டினார்.

“இவ்வளவு வீங்கியிருக்கு. கட்டை எப்படி வே நின்னுது?”

“கனத்த கட்டைல்லா. நின்னுட்டு.”

“நின்னுதுன்னா நின்னுதுதான. சந்தோஷப்படாம இது என்ன விசாரணை?” என்றாள் மதினி. நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கால் சரியானதும் அவர் மறுபடியும் பழக ஆரம்பித்தார். எல்லாம் முன்புபோலத்தான். ஆனால் நெருப்புப்பெட்டிகள் விழவில்லை. பத்தில் ஒன்றுகூட விழவில்லை. ஒவ்வொரு கட்டைக்கும் மேலே நான்கு விரற்கடை தூக்கிப் போனார். வேடிக்கை பார்க்க வந்த ஆபீஸ்காரர்கள், எவ்வளவு உயரம் போகிறார் பார் என்று கை தட்டினார்கள். எனக்குத் தெரியும், அது உயரமில்லை, நேரம். ஓடி முடித்துவிட்டு அவர், “ஆறாவது பட்டுதா வே?” என்று கேட்டார். முன்பு அவர் சொல்வார், நான் ஆமாம் என்பேன். இப்போது உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

“கிட்டக்கூடப் போகலியே அண்ணாச்சி.”

“அப்படியா? பட்ட மாதிரி இருந்துது” என்றார்.

இதைப் பார்த்த பிறகாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சரியாகிவிடும் என்று நினைத்தேன். பொய் சொன்னவன் எல்லாவற்றையும் சரியாகிவிடும் என்றுதானே நினைப்பான்.

கப்பல் புறப்பட்ட காலையில் துறையில் சரியான கூட்டம். பாண்டு வாத்தியம் வைத்திருந்தார்கள். மதினி அழாமல் நின்றாள். அண்ணாச்சி கோட்டுப் போட்டு, கழுத்தில் நாலைந்து மாலையோடு, பலகையில் ஏறப் போனவர் என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார்.

“வே, ஒரே ஒரு தடவை கேக்கேன். கட்டை நெசமாவே நின்னுதா?”

“அண்ணாச்சி...”

“விழுந்திருந்தா இப்பச் சொல்லும். அடுத்த வாரக் கப்பல்ல கோ சான் போகலாம், நேரம் இருக்கு. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. உம்ம மேலயும் இல்ல. தெரிஞ்சா போதும்.”

பாண்டு வாசித்துக்கொண்டிருந்தது. மதினி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கிடந்த மாலைகளையெல்லாம் கழற்றி, கோட்டைக் கழற்றி, இந்த மனிதர் அத்தனை பேருக்கு நடுவில் திரும்பி வீட்டுக்கு நடப்பதை நினைத்துப் பார்த்தேன். அவர் அதைச் செய்வார். சந்தேகமே இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

“நின்னுது அண்ணாச்சி. சத்தியமா” என்றேன்.

“சரி வே” என்று என் தோளைத் தட்டிவிட்டு ஏறினார்.

சத்தியம் என்ற சொல்லை அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்தேன்.

முடிவு எங்களுக்குப் பேப்பரில்தான் தெரிந்தது. இரண்டு வரி. முதல் சுற்றிலேயே கடைசி. ஆபீசில் யாரோ, “பத்துக் கட்டையையும் பத்திரமா நிக்க வச்சுட்டு வந்திருக்காரு” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்தவர் பழைய ஆள்தான், கொஞ்சம் இளைத்திருந்தார். கம்பளி உள்சட்டை ரொம்ப உபயோகமாக இருந்தது என்று மதினியிடம் சொன்னாராம். அங்கே ஓடியவர்கள் கட்டையை உரசிக்கொண்டே போனார்கள், உரசினால் உரசட்டும் என்று போனார்கள் என்று என்னிடம் சொன்னார். “நான் ஒண்ணையும் தொடல. ஆளுக்கு ஆள் என்னையத் தாண்டிப் போனாங்க” என்றார். கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த தேக்குக் கட்டைகளைத் தச்சரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவற்றில் ஒன்றைப் பிறகு ஒரு தேநீர்க் கடையில் பெஞ்சுக்கு முட்டுக் கொடுத்திருந்ததைப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், “டாலாவுக்குப் போவோம், வாரும்” என்றார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே அவர் ஐரோப்பாவில் போட்டு ஓடிய ஆணி வைத்த பூட்ஸ். “கோ சான் வெறுங்கால்ல ஓடுதான். அவனுக்காவது உபயோகப்படட்டும்.”

எனக்குப் போகப் பிடிக்கவில்லை. தலைவலி என்றேன். ஆற்றுக் காற்றுப் பட்டால் போய்விடும் என்றார். சிட்டகாங்காரன் தள்ளிய சம்பான் படகில் ஆற்றைக் கடந்தோம். வழியெல்லாம் அங்கே பார்த்த ஊர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ம்ம் கொட்டினேன்.

கோ சானின் வீடு பட்டறைக்குப் பின்னால், மூங்கில் வீடு. பாய் விரித்து உட்கார வைத்தார். தேநீரும், பர்மாக்காரர்கள் விருந்தாளிக்கு வைக்கிற ஊறுகாய்த் தேயிலையும் வந்தன. அண்ணாச்சி பூட்ஸை எடுத்து முன்னால் வைத்தார். கோ சான் அதைத் தொடவில்லை. இருவரும் பர்மியில்தான் பேசினார்கள். எனக்கு அந்த மொழி அரைகுறைதான், ஆனால் அன்று பேசியதில் ஒரு வார்த்தையும் எனக்குப் புரியாமல் போகவில்லை.

“நான் இப்போது ஓடுவதில்லை ஸயா” என்றார் கோ சான்.

“ஏன்?”

“அன்றைக்கு உங்களுக்கு ஓர் அடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். கட்டை சாய்ந்ததைப் பார்த்தேன். இவர் கையையும் பார்த்தேன்.”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவில்லை. “அப்போதே ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார்.

“நீங்கள் இருவரும் பேசிவைத்துக்கொண்டீர்கள் என்று நினைத்தேன். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே ஆபீஸ். நான் சொன்னால் யார் கேட்பார்கள்?” கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசுகிற மாதிரியே சொன்னார். பிறகு எங்கள் கோப்பைகளில் மறுபடியும் தேநீர் ஊற்றினார். அண்ணாச்சி அதை முழுவதும் குடித்தார். குடித்து முடித்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தன்னைவிட ஏழெட்டு வயது சின்னவரான அந்தப் பையனைக் கும்பிட்டார். கோ சான் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். பூட்ஸ் பையோடு நாங்கள் கிளம்பினோம்.

சம்பானில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். ஆறு பாதி வந்த பிறகு அவர் கேட்டார்.

“விழுந்துதா வே?”

“விழப் போச்சு. நான் புடிச்சிட்டேன்.”

“எந்தக் கையால?”

“வலது கை.”

“எவ்வளவு சாஞ்சுது?”

கையைச் சாய்த்துக் காட்டினேன்.

“அப்ப விழுந்திருக்கும்.”

“ஆமா.”

அவர் வலது கணுக்காலைக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். வலி ஒன்றும் இருந்திருக்காது. பல மாதம் ஆகிவிட்டது.

“அப்ப என் காலு சரியாத்தான் சொல்லிருக்கு” என்றார். “அங்க போயி அந்தக் காலை நம்ப முடியல வே. அவ்வளவு பலமா பட்டும் விழலன்னா, எனக்குப் பட்டதும் தெரியல, படாததும் தெரியலன்னுதான அர்த்தம். ஒவ்வொரு கட்டையையும் குனிஞ்சு பாத்துட்டே போனேன். குனிஞ்சு பாத்துட்டே எவனாவது ஓடுவானா?”

“உங்களுக்காகத்தான் செஞ்சேன் அண்ணாச்சி.”

“தெரியும்” என்றார்.

திட்டியிருக்கலாம். சம்பானிலிருந்து தள்ளிவிட்டிருந்தால்கூட நீந்திக் கரை ஏறியிருப்பேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் வாய் எப்படி இருக்கும், உள்ளுக்குள் அப்படி இருந்தது. அது இன்னும் முழுக்கத் தெளியவில்லை.

மறுநாள் பந்தயக் கமிட்டிக்குக் கடிதம் எழுதினார். தன் எட்டாவது கட்டையும் விழுந்ததாகக் கணக்கில் எடுத்து, ரங்கூன் பந்தயத்தில் கோ சானை முதலாவதாக எழுத வேண்டும் என்று. கமிட்டியின் காரியதரிசி ஒரு வெள்ளைக்காரத் துரை. என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். அவர் என் கையெழுத்து இருந்த பழைய தாளை எடுத்துக் காட்டி, கட்டைக்குப் பக்கத்தில் நின்றவன் அன்றைக்கு எழுதிக் கொடுத்ததுதான் முடிவு, இப்போது வந்து மாற்றிச் சொன்னால் ஏற்க முடியாது, போய் வேலையைப் பார் என்றார். அண்ணாச்சிக்கு அதே பதிலைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அவர் அதைப் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்து மேசைகள். அவர் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. காலையில் வணக்கம் சொல்வார். கப்பல் வந்துவிட்டது என்பார், பட்டியலை நீர் எழுதும், நான் சரிபார்க்கிறேன் என்பார். மதினி கொடுத்தனுப்பிய பலகாரத்தில் எனக்கும் பங்கு வைப்பார். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எனக்கே தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு மழைக்கால மத்தியானம். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். அவர் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி, வாசலில் இருந்த பியூனைக் கூப்பிட்டு, “மழை விட்டுட்டா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு கவனித்தேன். மணி என்ன என்று என்னிடம் கேட்பதில்லை. சாப்பிட்டீரா என்று கேட்பதில்லை. கேரம் ஆடும்போது, பட்டுதா என்று மற்றவர்களிடம் கேட்பார். நான் மட்டும் பக்கத்தில் இருந்தால், கேட்காமலே காயை எடுத்து வைத்துவிடுவார். நானாகப் போய், “படல அண்ணாச்சி” என்று ஒரு தடவை சொன்னேன். “சரி வே” என்றார். காயை எடுத்து வைத்துவிட்டார்.

இப்படி இரண்டு வருஷம் போனது. பிறகு அவருக்கு மோல்மேனில் இருந்த கிளை ஆபீசுக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற நாளில் ஒவ்வொரு மேசையாக வந்து விடைபெற்றார். பியூனிடம், “மகளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுட்டா?” என்று கேட்டார். தலைமைக் குமாஸ்தாவிடம், “கண் ஆபரேஷன் எப்ப?” என்று கேட்டார். என் மேசைக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடியில் ஒரு குறையும் இல்லை.

“போயிட்டு வாரேன் வே. உடம்பைப் பாத்துக்கிடும்” என்றார்.

நான் எழுந்து நின்றேன். இன்னும் ஏதாவது கேட்பார் என்று நின்றேன். என்னவாக இருந்தாலும் உள்ளது உள்ளபடி சொல்வதற்குத் தயாராக இருந்தேன்.

அவர் கையை விட்டார். அடுத்த மேசையில் இருந்தவன் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவன் பக்கம் குனிந்து, “உங்க அம்மைக்கு இப்பம் சொகமா வே?” என்று கேட்டார்.